காற்றில் 13 பேர், வெயிலில் 34 பேர்: அமெரிக்காவின் 2012 ஜூன் 29 – ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஜூன் 29, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நடுமேற்கில் முற்பகலில் திரண்ட இடிமழைக் கூட்டம் ஒன்று நள்ளிரவு வாக்கில் அட்லாண்டிக் கரையை எட்டிவிட்டது. ஏறத்தாழ 700 மைல், அதாவது 1,100 கிலோமீட்டர். இப்படி நெடுந்தூரம் சேதம் செய்துகொண்டே ஓடும் இடிமழைச் சூறையை வானிலையாளர்கள் டெரேச்சோ என்பார்கள். பத்து மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அதன் வழியில் கிடந்தன. அந்நாட்டின் தேசிய வானிலைச் சேவை அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இரண்டு எண்கள் உள்ளன. பலத்த காற்றால், பெரும்பாலும் மரம் சாய்ந்து, இறந்தவர்கள் 13 பேர். காற்று ஓய்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் கிடந்த பகுதிகளில் வெப்பத்தால் இறந்தவர்கள் 34 பேர்.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ராடாரில் தெரிந்த வில், மணிக்கு 146 கிலோமீட்டர் காற்று, மலைத்தொடரையே தாண்டி வந்த வேகம் என்று பேச நிறைய இருக்கிறது. எனக்கோ இரண்டாவது எண்ணைக் கடந்து போக முடியவில்லை. காற்றின் முழு உருவம் அன்று பிற்பகல்வரை யாருக்கும் பிடிபடவில்லை. வெயில் அப்படியல்ல. அது வரும் என்பதும், வந்தால் நாள்கணக்கில் தங்கும் என்பதும் முன்பே கணிக்கப்பட்டிருந்தன. கணிப்புக்குள் அடங்காத ஆபத்தைவிட, கணித்து முடித்த ஆபத்து கூடுதலான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது எப்படி நடந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

அந்த வாரத்தின் வரைபடம்

நமக்குக் கத்திரி வெயில் அடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கும் நேரத்தில்தான் அமெரிக்காவில் கோடை சூடுபிடிக்கிறது. 2012 ஜூன் கடைசி வாரத்தில் அந்த நாட்டின் மேற்கு, நடு, தெற்கு, கிழக்கு என ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு ஆபத்து நின்றது. அதற்கு முந்தைய வாரமே வடக்கில், சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத் நகரில் கொட்டிய மழையில் தெருக்கள் பிளந்து, விலங்குக் காட்சிசாலை மூழ்கி, கடல்நாய் ஒன்று சாலைக்கே வந்துவிட்டிருந்தது.

மேற்கே கொலராடோ மாநிலம் எரிந்துகொண்டிருந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரை அடுத்த வால்டோ கேன்யன் பகுதியில் ஜூன் 23 அன்று பற்றிய காட்டுத்தீ மூன்று நாள் மலைச்சரிவிலேயே இருந்தது. 26ஆம் தேதி அந்த நகரின் வெப்பம் 101 பாரன்ஹீட், அதாவது 38.3 செல்சியஸ். அதுவரை அங்கே பதிவாகாத உச்சம். பிற்பகலில் அருகே இடிமேகங்கள் எழுந்தன. காற்றில் ஈரமில்லாததால் மேகத்திலிருந்து விழுந்த மழை தரையைத் தொடும் முன்பே ஆவியானது. ஆவியாகும் நீர் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்; குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழும்; விழுந்தது தரையில் மோதிப் பக்கவாட்டில் பாயும். மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய அந்தக் காற்று தீயை மலையிலிருந்து இறக்கி மவுண்டன் ஷாடோஸ் குடியிருப்புக்குள் தள்ளிவிட்டது. 346 வீடுகள் அழிந்தன. இரண்டு பேர் இறந்தார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. மழை பெய்யாத இடிமேகம் தீக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அந்த ஊர் ஒரே மாலையில் தெரிந்துகொண்டது. ஆவியாகிக் குளிர்ந்து விழும் காற்று என்ற இதே விசை மூன்று நாள் கழித்துக் கிழக்கே பல மடங்கு பெரிதாகத் திரும்பப் போகிறது.

தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் டெபி என்ற வெப்பமண்டலப் புயல். அது எந்தப் பக்கம் போகும் என்பதில் கணினி மாதிரிகள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றன. மேற்கே லூசியானா, டெக்சஸ் நோக்கி என்றது ஒரு அணி. கிழக்கே புளோரிடா நோக்கி என்றது இன்னொன்று. முதலில் அதிகாரபூர்வக் கணிப்பு மேற்கைத் தேர்ந்தது, லூசியானா கரையில் எச்சரிக்கையும் வைத்தது. டெபி கிழக்கே போயிற்று. அதுவும் ஊர்ந்து ஊர்ந்து போனதால் புளோரிடாவின் வடபகுதியில் மழை நின்றபாடில்லை. கர்டிஸ் மில் என்ற இடத்தில் 28.78 அங்குலம், சுமார் 73 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது.

இவை இரண்டுக்கும் நடுவில், நாட்டின் மையத்தில், உயர் வளிமண்டலத்து அழுத்த மேடு ஒன்று குந்தியிருந்தது. அதன் கீழே காற்று அமுங்கி இறங்கிச் சூடேறும், மேகம் கட்டாது, வெயில் நேரே அடிக்கும். டென்வரில் 105 பாரன்ஹீட். மேடு கிழக்கே நகர நகர வெயிலும் நகர்ந்தது. 28ஆம் தேதி இண்டியானாவின் போர்ட் வெய்னில் 106. 29ஆம் தேதி டென்னசியின் நாஷ்வில்லில் 109, அதாவது 42.8 செல்சியஸ், அந்நகர வரலாற்றில் அதற்கு மேல் பதிவானதில்லை. அதே நாளில் வாஷிங்டனில் 104, சரியாக 40 செல்சியஸ். ஜூன் மாதத்தில் தலைநகர் அதுவரை கண்டிராத வெப்பம்.

இந்த ஆபத்துகளை யார் கவனிக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். கடலில் உருவாகும் புயல் என்றால் மயாமியில் உள்ள தேசிய சூறாவளி மையம். கடும் இடிமழையும் காட்டுத்தீ வானிலையும் ஓக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் கணிப்பு மையம். பெருமழைக் கணிப்புக்கும் நாடு முழுவதற்குமான குறுகிய காலக் கணிப்புரைக்கும் மேரிலாந்தில் இன்னொரு மையம். உள்ளூர் எச்சரிக்கைகளை, வெப்ப எச்சரிக்கை உட்பட, நாடெங்கும் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட வட்டார அலுவலகங்கள் வெளியிடும். ஒவ்வொன்றும் தன் துறையில் உலகத்தரமான மையம். ஆனால் ஒவ்வொன்றும் தன் ஆபத்தைத்தான் பார்க்கிறது.

வெள்ளிக்கிழமை காலை

அப்போது நார்மன் மையத்தின் இடிமழை அபாய வரைபடத்தில் மூன்றே படிகள் இருந்தன: சிறு அபாயம், நடுத்தர அபாயம், பேரபாயம். அன்று காலை ஒகையோ பள்ளத்தாக்கிலிருந்து கிழக்கே வரைந்திருந்தது சிறு அபாயம்தான். கோடையில் ஏறக்குறைய தினமும் நாட்டின் ஏதோவொரு பகுதியில் அது வரையப்பட்டிருக்கும். அதைப் பார்த்து ஒரு மின் நிறுவனம் கூடுதல் ஆட்களை வரவழைக்காது. ஒரு குடும்பம் பயணத்தைத் தள்ளிவைக்காது. பிற்பகலில், புயல் வளைந்து வேகமெடுத்த பிறகே படி உயர்த்தப்பட்டது.

கணிப்பாளர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று இதைப் படிப்பது அநியாயம். வசந்தகாலச் சுழற்காற்றுகளுக்கு ஒரு பெரிய தாழ்வழுத்தம் வேண்டும். அது நாலைந்து நாள் முன்பே வரைபடத்தில் தெரியும். கோடைக்காலச் சூறைக்கு அப்படிப்பட்ட பெரிய கைகாட்டி கிடையாது. உயர் அழுத்த மேட்டின் விளிம்பில் ஓடும் சிறு சலனம் ஒன்று, முந்தைய இரவின் மழை விட்டுப்போன குளிர்ந்த எல்லைக்கோடு ஒன்று, இவற்றில் எது எப்போது தீப்பொறியாகும் என்பதைப் பன்னிரண்டு, இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்னால் அன்றைய மாதிரிகளால் பிடிக்க முடியவில்லை. ஆய்வறிக்கையும் இதை ஒளிக்காமல் சொல்கிறது. அறிவியலின் எல்லை அது.

பொறி மட்டும்தான் தெரியவில்லை. வெடிமருந்து எங்கே குவிந்து கிடக்கிறது என்பது தெரிந்தது.

எப்படி உருவானது

அழுத்த மேட்டின் வடக்கு விளிம்பில், கனடாப் பக்கத்துக் குளிர்ந்த காற்றும் தெற்கத்திய வெக்கையும் சந்திக்கும் கோடு ஒன்று மேற்கு-கிழக்காக நீண்டு கிடந்தது. கோடையில் இடிமழைக் கூட்டங்கள் இந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே சுற்றிவரும் என்பதால் கணிப்பாளர்கள் இதை நெருப்பு வளையம் என்பார்கள். அந்தக் கோட்டுக்குத் தெற்கே தரையை ஒட்டிய காற்றில் வளைகுடாவிலிருந்து வந்த ஈரமும், நடுமேற்கின் பயிர்வெளிகள் மூச்சாக விட்ட ஈரமும் கலந்து கனத்திருந்தது. அதற்கு மேலே இரண்டு, மூன்று கிலோமீட்டர் உயரத்தில் வேறொரு காற்று. மேற்கத்திய மேட்டுநிலங்களில், ராக்கி மலைத்தொடரை ஒட்டிய அந்த வறண்ட தரையில் காய்ந்து சூடேறி, அங்கிருந்து கிழக்கே மிதந்து வந்த காற்று அது. கொலராடோவை எரியவிட்ட வறட்சிக்கும் ஒகையோவின் வானத்துக்கும் இப்படி ஒரு நேர்த் தொடர்பு இருந்தது.

சூடான வறண்ட காற்று மேலே இருந்தால் கீழே உள்ள ஈரக்காற்று எளிதில் எழ முடியாது. வானிலையாளர்கள் அதை மூடி என்றே சொல்கிறார்கள். மூடி இருக்கும்வரை வானம் தெளிவாக இருக்கும், புழுக்கம் ஏறிக்கொண்டே போகும். எங்கேனும் ஓரிடத்தில் மூடி உடைந்தால் அதுவரை சேர்ந்ததெல்லாம் ஒரே வீச்சில் எழும். அன்று அப்படி எழக் காத்திருந்த ஆற்றல் ஒரு கிலோகிராம் காற்றுக்கு ஏறத்தாழ 5,000 ஜூல். சாதாரண கோடை இடிமழைக்கு 1,000, 2,000 போதும்.

அயோவாவில் காலையில் தோன்றிய சிறு இடிமேகம் இல்லினாய் தாண்டியபோது பல மேகங்களாகப் பெருகியது. அவை கொட்டிய மழை, மேலேயிருந்த வறண்ட காற்றில் ஆவியாகிக் குளிர்ந்தது. குளிர்ந்த காற்று இறங்கி, தரையில் கவிழ்த்த குடத்து நீர் பரவுவதுபோல் முன்னோக்கிப் பரவியது. பரவும் காற்றின் முன்விளிம்பு எதிரே கிடந்த ஈரமான வெக்கையை நெம்பி மேலே தூக்கியது. தூக்கியதில் புது மேகம் கட்டியது. அது கொட்டிய மழை இன்னும் குளிர்ந்த காற்றைச் சேர்த்தது. புயலுக்குப் பின்னால் நடு உயரத்திலிருந்து ஒரு காற்றோட்டம் பாய்ந்து வரிசையின் நடுப்பகுதியை முன்னே தள்ள, ராடார் திரையில் நேர்கோடாக இருந்த மழைவரிசை வில்லாக வளைந்தது. இந்தச் சுழற்சி ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் முன்னால் வெக்கை இருக்கும்வரை தானாகவே ஓடும். அன்று முன்னால் அட்லாண்டிக் வரைக்கும் வெக்கை இருந்தது.

மணிக்கு 93 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்கு இடைவிடாமல் சேதம் செய்துகொண்டே போனால் அதை டெரேச்சோ என்று வகைப்படுத்துகிறார்கள். இது அந்த வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடியது.

போர்ட் வெய்ன் முதல் கடற்கரை வரை

பிற்பகல் மூன்று மணி வாக்கில் போர்ட் வெய்ன் விமான நிலையத்தில் மணிக்கு 146 கிலோமீட்டர். அன்றைய பயணத்தில் பதிவான உச்ச வேகம் இதுவே. மாலை ஐந்து மணியை ஒட்டி ஒகையோவின் தலைநகர் கொலம்பஸில் 132. சராசரியாக மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு புயல் நகர்ந்தால், நெடுஞ்சாலையில் அதே திசையில் போகும் காருக்குக்கூட அதற்கு முன்னால் தப்பியோடுவது கடினம்.

மேற்கு வர்ஜீனியாவில் அப்பலாச்சியன் மலைத்தொடர் நிற்கிறது. மேற்கிலிருந்து வரும் இடிமழை வரிசைகள் பெரும்பாலும் அங்கே சிதறிவிடும். கிழக்குக் கரை வாசிகளின் நினைவில் மலை ஒரு காவல். இம்முறை குளிர்காற்றுக் குவியலின் ஆழமும் வேகமும் மலையைத் தாண்டப் போதுமானதாக இருந்தன. மறுபக்கம் இறங்கியபோது எதிரே 40 டிகிரிப் பகலின் புழுக்கம் அப்படியே கிடந்தது. சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும், இரவு பத்தரை மணி அளவில், வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் மணிக்கு 114 கிலோமீட்டரும், நகரையொட்டிய ரீகன் விமான நிலையத்தில் 113 கிலோமீட்டரும் பதிவாயின. நள்ளிரவை ஒட்டி நியூஜெர்சிக் கரையில் டக்கர்ட்டனில் 130.

சேதத்தின் பெரும்பகுதியைச் செய்தவை மரங்கள். தலைநகரைச் சுற்றியுள்ள புறநகர்கள் பழைய, ஓங்கிய ஓக் மரங்களுக்குப் பேர்போனவை. ஜூன் மாதத்தில் அவை முழு இலையோடு நிற்கும், காற்றைப் பாய்மரம்போல் வாங்கும். மின்கம்பிகளும் அந்த மரங்களுக்கு ஊடாகவே போகின்றன. நியூஜெர்சியில் ஒரு மாநிலப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த குடும்பத்தின் மீது மரம் விழுந்து இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள்.

எச்சரிக்கை இருந்ததா

இருந்தது. முந்தைய நாள் இல்லை. ஆனால் அந்த நேரத்துக்கு இருந்தது. புயல் ராடாரில் தெளிவான பின் ஒவ்வொரு வட்டார அலுவலகமும் தனக்குக் கிழக்கே உள்ள அலுவலகத்தை உஷார்ப்படுத்திக்கொண்டே போயிற்று. மேற்கே கிடைத்த காற்று அளவுகள் கிழக்கே எச்சரிக்கை வாசகங்களுக்குள் வந்தன. கரையோர நகரங்களுக்கு மணிக்கணக்கான அவகாசம் இருந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் அது மக்களின் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதே ஜூன் மாதக் கடைசியில்தான் தேசிய வானிலைச் சேவை கைபேசிகளுக்கு நேரடியாக ஒலிக்கும் அவசர எச்சரிக்கைகளைத் தொடங்கியிருந்தது. சுழற்காற்றுக்கு ஒலிக்கும், திடீர் வெள்ளத்துக்கு ஒலிக்கும். கடும் இடிமழை எச்சரிக்கைக்கு ஒலிக்காது. கோடையில் அத்தகைய எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் போகும், ஒவ்வொன்றுக்கும் ஒலித்தால் மக்கள் அணைத்துவிடுவார்கள் என்பது காரணம். நியாயமான காரணம்தான். விளைவு என்னவென்றால், வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சி பார்க்காமல் இருந்த ஒருவருக்கு, சாதாரண இடிமழைக்கும் பல மாநிலங்களைக் கடந்து வந்த சூறைக்கும் வித்தியாசம் சொல்ல ஆளில்லை. மணிக்கு 80 மைல், அதாவது 129 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று எதிர்பார்க்கப்படும் இடிமழைகளை மட்டும் தனியே வகைப்படுத்திக் கைபேசியில் ஒலிக்கச் செய்யும் ஏற்பாடு 2021 ஆகஸ்டில்தான் வந்தது. ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

காற்று போன பிறகு

நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தன. ஒரு இணைப்பு என்பது ஒரு வீடு அல்லது ஒரு கடை. ஆள்கணக்கில் இன்னும் பெரியது. சூறாவளி அல்லாத காரணத்தால் தன் வரலாற்றில் நேர்ந்த மிகப் பெரிய மின்தடை இது என்று வர்ஜீனியா மாநிலம் அறிவித்தது. சூறாவளி என்றால் மூன்று நாளைக்கு முன்பே தெரியும்; மின் நிறுவனங்கள் பிற மாநிலங்களிலிருந்து லைன்மேன்களையும் வண்டிகளையும் வரவழைத்து எல்லையில் நிறுத்திவைக்கும். இதற்கு அந்த அவகாசமில்லை. புயல் பாதையின் பக்கத்து மாநிலங்களும் அடிபட்டுக் கிடந்ததால், உதவி தூரத்து மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வர வேண்டியிருந்தது. பலருக்கு ஒரு வாரம், மேற்கு வர்ஜீனியாவின் மலைக்கிராமங்களில் சிலருக்கு அதற்கும் மேல்.

மின்சாரம் போனால் அடுத்தடுத்து என்னவெல்லாம் போகும் என்பதற்கு அந்த வாரயிறுதி ஒரு பாடப்புத்தகம். மேரிலாந்தில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மின்சாரம் இழந்ததால் தண்ணீர்ச் சிக்கனம் கட்டாயமானது. மேற்கு வர்ஜீனியாவில் சாய்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு பயணிகள் ரயில் ஏறத்தாழ இருபது மணி நேரம் சிக்கி நின்றது. வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் தரவு மையம் ஒன்று மின்சாரம் இழக்க, நெட்பிளிக்சும் இன்ஸ்டாகிராமும் முடங்கின. உலகம் முழுதும் செய்தியானது இதுதான்.

இவற்றில் எனக்கு மிகவும் உறுத்துவது அவசர அழைப்பு எண் 911 அடங்கிப்போனது. புயல் அடித்த நேரத்தில் அது வேலை செய்தது. தொலைபேசி நிறுவனத்தின் இரண்டு முக்கிய நிலையங்களில் மாற்று ஜெனரேட்டர்கள் ஓடாமல் போக, பேட்டரியில் இயங்கிக்கொண்டிருந்த கருவிகள் இரவு முழுக்கத் தாக்குப்பிடித்து, சனிக்கிழமை காலை, பேட்டரி தீர்ந்ததும் நின்றன. அதாவது வானம் தெளிந்து, வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் உதவிக்கு அழைக்க எண் இல்லை. மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தின் விசாரணைப்படி ஆறு மாநிலங்களில் 77 அவசர அழைப்பு மையங்கள் ஏதோவொரு அளவில் பாதிக்கப்பட்டன. அவற்றில் 17 முழுவதுமாகச் சேவை இழந்தன. பாதிக்கப்பட்ட 77 மையங்களையும் நம்பியிருந்தவர்கள் 36 லட்சம் பேர். இதற்குப் பிறகே, மாற்று மின்சாரத்தையும் மாற்று வழித்தடங்களையும் ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும் என்று 2013 டிசம்பரில் விதி வந்தது.

வெயில் அசையவில்லை. வாஷிங்டனில் ஜூன் 28 முதல் ஜூலை 8 வரை தொடர்ந்து பதினொரு நாள் 95 பாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ் அல்லது அதற்கு மேல். அவ்வளவு நீண்ட தொடர் அங்கே அதற்குமுன் பதிவானதில்லை. ஏழாம் தேதி 105. இந்தப் பதினொரு நாளில் ஏழெட்டு நாள் பல வீடுகளில் மின்விசிறிகூடச் சுழலவில்லை. நம் வீடுகளில் சன்னலைத் திறந்தால் காற்றோட்டம் உண்டு. பலருக்கு மொட்டைமாடி உண்டு. ஏசியை நம்பிக் கட்டிய, குளிர்காலத்துக்காக இறுக்கி அடைத்த வீட்டில், மேல்மாடி அறையில், அந்த வழி கிடையாது.

அந்த 34 பேர்

நோய்க் கட்டுப்பாட்டு மையம் மேரிலாந்து, ஒகையோ, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய நான்கு மாநிலங்களில் ஜூன் 30 முதல் ஜூலை 13 வரை நேர்ந்த வெப்ப மரணங்களைத் தனியே ஆராய்ந்தது. 32 மரணங்கள்; வானிலைச் சேவையின் 34 வேறொரு கணக்கு. நடு வயது 65. பெரும்பாலோர் ஆண்கள்; பெரும்பாலோர் துணையின்றி வாழ்ந்தவர்கள்; வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள். இதயநோயோ மூச்சுநோயோ பலருக்கு இருந்தது. மின்தடையும் ஒரு காரணி என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது ஏழு பேருக்கு.

ஆகவே 34 என்ற எண்ணை எடுத்து, இத்தனை பேரையும் மின்வெட்டு கொன்றது என்று எழுதுவது தவறு. மின்சாரம் இல்லாத பகுதியில் இறந்தார்கள் என்பது வேறு, மின்சாரம் இல்லாததால் இறந்தார்கள் என்பது வேறு. சிலர் வீட்டில் ஏசி இருந்திருக்காது. சிலர் வீட்டில் இருந்தும் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒன்று மாறாது. இவர்கள் இறந்தது புயல் போன மறுநாள், அதற்கு மறுநாள், அடுத்த வாரம். அத்தனை நாளும் வெப்ப முன்கணிப்பு கையில் இருந்தது. தனியாக வாழும் முதியவரின் கதவைத் தட்டுவதற்கு மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் நேரம் இருந்தது.

இங்கேதான் ஆபத்துகளைத் துறைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் ஏற்பாட்டின் ஓட்டை தெரிகிறது. வெப்ப எச்சரிக்கைக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் ஒரு வரம்பு உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த உணர்வெப்பம் அந்த வரம்பைத் தொட்டால் எச்சரிக்கை, தொடாவிட்டால் இல்லை. ஊரில் மின்சாரம் இருக்கிறதா என்பது அந்த வரம்புக்குள் வரவில்லை. ஊரில் பாதிக்கு மின்சாரம் இல்லாதபோது அதைவிடக் குறைந்த வெப்பமும் ஆளைக் கொல்லும். நார்மன் மையம் காற்றைச் சொல்லும், வட்டார அலுவலகம் வெப்பத்தைச் சொல்லும். காற்று கம்பியை அறுத்த பிறகு வெப்பம் வேறு வெப்பமாகிவிடுகிறது என்பதைச் சொல்லும் பொறுப்பு அன்று யாருடைய மேசையிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கே, கொலம்பஸை அடையும் முன்னரே, ஒரு கணிப்புரையில் இதை எழுதியிருக்க முடியும்: இந்தக் காற்று கிழக்கே பல லட்சம் இணைப்புகளை அறுக்கும், அதே இடங்களில் அடுத்த ஒரு வாரம் 35 டிகிரிக்குக் குறையாத வெயில் இருக்கும், தனியாக இருப்பவர்களைக் கவனியுங்கள். இதற்குப் புது மாதிரி வேண்டாம், வேகமான கணினி வேண்டாம். இரண்டு மேசைகளில் இருந்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

பிறகு

அறிவியல் பக்கத்தில் முன்னேற்றம் உண்மையானது. இடிமேகங்களைத் தனித்தனியாக உருவகிக்கும் அளவு நுணுக்கமான, மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் மாதிரி ஒன்று 2012இல் சோதனையில் இருந்தது. 2014 செப்டம்பரில் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு நார்மன் மையம் மூன்று படிகளை ஐந்தாக்கியது, சிறு அபாயத்துக்கும் நடுத்தர அபாயத்துக்கும் நடுவே இருந்த பெரும் பள்ளம் நிரம்பியது. ஆனாலும் 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவின் சீடர் ரேப்பிட்ஸ் நகரைச் சூறையாடிய டெரேச்சோவும் முந்தைய நாள் வரைபடத்தில் அதன் முழு வலிமையோடு தெரியவில்லை. அந்தப் பொறியின் புதிர் இன்னும் முழுதாக அவிழவில்லை.

வெப்பத்தின் பக்கத்தில் நகர்வு மெதுவாகவே இருந்தது. வெறும் உணர்வெப்பத்தை மட்டும் பார்க்காமல், அந்த ஊருக்கு அந்தப் பருவத்தில் அது எவ்வளவு அசாதாரணம், இரவில் தணிகிறதா, எத்தனை நாள் நீள்கிறது என்பதையெல்லாம் சேர்த்து ஐந்து நிறங்களில் காட்டும் வெப்ப அபாய வரைபடம் 2024 ஏப்ரலில்தான் நாடு முழுவதற்கும் வந்தது. அதுவும் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

அது வந்த சில வாரங்களில், 2024 மே 16 மாலை, ஹூஸ்டன் நகரை ஒரு டெரேச்சோ தாக்கியது. ஜூலை 8 அன்று அதே நகரின் மேல் பெரில் சூறாவளி ஏறி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை அறுத்துப்போட்டது. இம்முறை ஹூஸ்டன் வானிலை அலுவலகம், மழை நின்ற மறுநாளுக்கே வெப்ப எச்சரிக்கை வெளியிட்டது. மின்சாரம் இல்லாத வீடுகளை மனத்தில் வைத்தே அந்த வாசகம் எழுதப்பட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டு மேசைகளில் கிடந்தது ஒரே தாளில் வந்துவிட்டது. பலருக்கு மின்சாரம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த வாரத்தில் வெப்பத்தால் இறந்தவர்களின் பெயர்கள் பெரில் சாவுப் பட்டியலில் சேர்ந்தன. அவர்களுக்குக் கணிப்பு போய்ச் சேர்ந்திருந்தாலும் குளிர்ந்த அறை ஒன்று போய்ச் சேரவில்லை.